ஊடும் பாவும்: நெசவு தந்த ஆங்கில மரபுத்தொடர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் பாலராமபுரம் உள்ளது. அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை. அதற்கும் அப்பால் பாறசாலை. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பாலராமபுரத்தின் பெயரைக் கேட்டதும் மலையாள நாட்டவர்க்கு நினைவு வருவது கசவுக் கரையிட்ட வெண்பழுப்பு நிறக் கைத்தறி ஆடை. புவிசார் குறியீடு பெற்ற ஆடை அது. தமிழர்க்கு நினைவு வரவேண்டியது வேறொன்றும் உண்டு. அவ்வாடையை நெய்த குடும்பங்களின் முன்னோர் தமிழ் பேசும் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் என்பதே அது.

திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்டவர் அவிட்டம் திருநாள் பாலராமவர்மர். அவர் பெயரையே ஊர் தாங்கி நிற்கிறது. அவருடைய திவானாக இருந்த உம்மிணித் தம்பி, அரச குடும்பத்துக்கு வேண்டிய நுண்ணிய ஆடைகளை நெய்வதற்காக நாகர்கோவில், வள்ளியூர்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார் என்பது ஊர் வரலாறு. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு எனத் தெருக்கள் அமைந்தன. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அத்தெருக்கள் நெசவாளர் தெருக்கள் என்றே பெயர் பெற்றுள்ளன. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இச்செய்தியில் தனி ஈடுபாடு இருக்கக்கூடும். வேலையின் பொருட்டு ஊர்விட்டு வந்து, வேற்றுமொழிச் சூழலில் வேரூன்றிய கதை அவர்களுடைய கதையும் ஆகும் அன்றோ!

ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றிப் பேசப் புகுந்தவன் நெசவாளர் தெருவில் ஏன் வந்து நிற்கிறான் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. ஆங்கிலம் கற்போரை மிகவும் வருத்துவது இலக்கணம் அன்று, மரபுத்தொடரே. சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அகராதியில் பொருள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பொருள் கிடைக்காது. இத்தகைய தொடர்களில் கணிசமான ஒரு பகுதி தறியிலிருந்தும் இராட்டினத்திலிருந்தும் சாயத் தொட்டியிலிருந்தும் பிறந்தவை. தறியை அறிந்தவனுக்கு அவை எளிதில் வசப்படும். அறியாதவன் அவற்றை நெட்டுருச் செய்து, பின்னர் மறந்துபோவான்.

நெட்டுருச் செய்வதே நம் நாட்டில் நெடுங்காலமாக வழக்கமாயிற்று. திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வி தென்கோடியில்தான் முதலில் வேரூன்றியது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே 1806 ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்தார். நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரைச் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்துக்கு அழைத்தார். 1834 ஆம் ஆண்டில் அங்கே ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. பின்னர் அதுவே மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்று வழங்குகிறது. அன்று முதல் அலுவலக வேலையை நாடிய இளைஞர்கள் ஆங்கிலம் கற்றனர். ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூல் வந்த பிறகு, மரபுத்தொடர்ப் பட்டியல்களை ஒப்பிக்காத மாணவர் இந்தியாவில் அரியர் ஆயினர். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். அத்தொடர் எங்கிருந்து வந்தது, எந்த வேலையைக் குறித்து எழுந்தது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

நாம் இப்போது அவ்வினாவை எழுப்பிப் பார்ப்போம்.

நெசவின் அடிப்படை இரண்டு. நீளவாட்டில் கட்டப்படும் நூல் பாவு. குறுக்குவாட்டில் ஓடும் நூல் ஊடு அல்லது ஊடை. இவ்விரண்டின்றி ஆடை இல்லை. ஆங்கிலத்தில் பாவை ‘வார்ப்’ என்றும், ஊடையை ‘வூஃப்’ என்றும் ‘வெஃப்ட்’ என்றும் கூறுவர். ஒரு சமுதாயத்தின் வாழ்வோடு பிரிக்க இயலாதவாறு கலந்துவிட்ட ஒன்றை அதன் ‘வார்ப் அண்ட் வூஃப்’ என்று ஆங்கிலேயர் சொல்வர். தமிழில் ‘ஊடும் பாவுமாக’ என்கிறோம். மலையாளத்திலும் ‘ஊடும் பாவும்’ என்றே வழங்குகிறது. ஆங்கிலம் பாவை முன்னே வைக்கிறது. நாம் ஊடையை முன்னே வைக்கிறோம். வேற்றுமை அவ்வளவே. இதை எவரும் எவரிடமிருந்தும் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மூன்று மொழியாரும் தறியின் முன் அமர்ந்தவர்கள், மூவரும் ஒன்றையே கண்டார்கள், ஒன்றையே சொன்னார்கள்.

மரபுத்தொடரைக் குறித்து நாம் அறிய வேண்டிய முதல் உண்மை இதுதான். தொடர் பிறந்த வேலையோ பொருளோ மறுபுறத்திலும் இருந்தால், அத்தொடர் மொழி எல்லையைத் தடையின்றிக் கடக்கும். இல்லையேல் சொல் மட்டும் கடந்து செல்லும். பொருள் எல்லையிலேயே நின்றுவிடும்.

எல்லையில் நின்றுவிட்ட தொடர் ஒன்றைப் பார்ப்போம். மிகுந்த பதைப்போடு காத்திருப்பவனை ஆங்கிலத்தில் ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’ இருக்கிறான் என்பர். கம்பளித் துணியை நெய்தபின் அதை நனைத்து, அழுக்கும் எண்ணெயும் நீங்கி இழைகள் இறுகும்படி மிதிப்பார்கள். அதனால் துணி சுருங்கும். சுருங்கிய துணியை ஒரே அகலத்துக்குக் கொண்டுவரத் திறந்தவெளியில் நீண்ட மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றிலுள்ள கொக்கிகளில் துணியின் ஓரங்களை மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். சட்டத்தின் பெயர் ‘டென்டர்’. கொக்கியின் பெயர் ‘டென்டர்ஹுக்’. நாற்புறமும் இழுபட்டு விறைத்து நிற்கும் துணிக்கு, இழுபட்டுத் தவிக்கும் மனத்தை ஒப்பிட்டார்கள். 18 ஆம் நூற்றாண்டில் இத்தொடர் இன்றைய வடிவில் வழக்கூன்றிவிட்டது.

பாலராமபுரத்து நெசவாளரும் நூலை இழுத்துக் கட்டுபவர்களே. ஆயின் அவர்கள் இழுத்துக் கட்டுவது நெய்த துணியை அன்று, நெய்யப்போகும் பாவை. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி பூசி, தூரிகையால் நீவி, வெயில் ஏறுமுன் உலர்த்துவது அவர்கள் மரபு. பருத்தி நூலுக்கு அது வலுவூட்டும் பக்குவம். கம்பளியை மிதித்துச் சுருக்கி, கொக்கியில் மாட்டி இழுக்கும் வேலை நம் பருத்தி நாட்டில் இல்லை. எனவே ‘கொக்கியின் மேல் நின்றான்’ என்று தமிழில் எழுதினால் எவர்க்கும் விளங்காது. ‘முள்ளின் மேல் நிற்பதுபோல் தவித்தான்’ என்றோ ‘நெருப்பின் மேல் நிற்பதுபோல் துடித்தான்’ என்றோ சொன்னால் குழந்தைக்கும் விளங்கும். முள்ளும் நெருப்பும் நாம் மிதித்தறிந்தவை.

ஆங்கிலத்தில் கம்பளி ஏன் இவ்வளவு இடம் பெற்றது? இங்கிலாந்தின் பழைய செல்வம் கம்பளியே. அந்நாட்டுப் பிரபுக்கள் சபையில் அவைத்தலைவர் அமரும் இருக்கைக்குக் ‘கம்பளி மூட்டை’ என்னும் பொருள்படும் ‘வூல்சாக்’ என்ற பெயர் இன்றும் உள்ளது. 14 ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்டு காலத்தில் தோன்றிய வழக்கம் அது. இந்தியப் பருத்தித் துணி கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சென்று இறங்கியபோது அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1700 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் 1721 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்கு எதிராக இயற்றப்பட்டன. இடையே 1719 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நெசவாளர் கலகமே மூண்டது. அத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘காலிகோ’. கள்ளிக்கோட்டை என்று நாம் வழங்கும் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது அது. சட்டத்தால் துணியைத் தடுத்தார்கள்; சொல்லைத் தடுக்க இயலவில்லை.

கம்பளியிலிருந்து பிறந்த இன்னொரு தொடர் ‘டைட் இன் தி வூல்’. துணியாக நெய்தபின் சாயமேற்றினால் சாயம் மேலோடு நிற்கும். நூற்பதற்கு முன், கம்பளி மயிராக இருக்கும்போதே சாயமேற்றினால் ஒவ்வோர் இழையிலும் ஊறி நிற்கும். ஆகவே, தன் கொள்கையில் முற்றும் ஊறிப்போய் எவ்வகையிலும் மாறாதவனை ஆங்கிலத்தில் இவ்வாறு குறிப்பர். தமிழில் ‘ஊறிப்போன பழமைவாதி’ என்னும்போது நாமும் ஏறக்குறைய அதையே சொல்கிறோம். கற்போர் கருத்தில் கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இத்தொடர் பெரும்பாலும் பிடிவாதத்தைச் சுட்டுவது. எல்லா இடத்திலும் பாராட்டாகாது.

தமிழிலும் சாயத்தொட்டி தந்த தொடர் ஒன்று இருக்கிறது. போலியாக நடித்தவனின் உண்மை வெளிப்பட்டால் ‘அவன் சாயம் வெளுத்துவிட்டது’ என்கிறோம். ஆங்கிலேயன் போகாத சாயத்தைப் பற்றிப் பேசினான். தமிழன் போன சாயத்தைப் பற்றிப் பேசினான். ஒருவர் தொடரை மற்றவர் தொடரால் மொழிபெயர்க்க முயன்றால் பொருள் தலைகீழாகும். தொழில் ஒன்றாக இருப்பினும் நோக்கு வேறாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

அடுத்து வருவது கற்போர்க்கு மகிழ்ச்சி அளிக்கும் தொடர். நீண்ட, நம்பத்தகாத கதையைச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஸ்பின் எ யார்ன்’ என்பர். நூல் நூற்றல் என்பது சொற்பொருள். இது கப்பலோட்டிகளின் பேச்சிலிருந்து 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொது வழக்குக்கு வந்தது. கடற்பயணத்தில் பழைய கயிறுகளைப் பிரித்து மீண்டும் முறுக்கும் வேலை மாலுமிகளுக்கு இருந்தது. கை கயிற்றை முறுக்க, வாய் கதையை முறுக்கியது போலும்! தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ‘கயிறு திரிக்கிறான்’ என்கிறோம். ‘சரடு விடுகிறான்’ என்றும் சொல்வதுண்டு. தென்னை மிகுந்த கடற்கரையில் கயிறு திரிக்கும் காட்சி எவர்க்கும் பழக்கமானது. அக்கயிற்றின் பெயரே ஆங்கிலத்தில் ‘காயர்’ என்று புகுந்தது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை கட்டி வாணிகம் செய்தது. அவ்வூர்ப் பெயரால் வழங்கும் கயிற்று வகையும் உண்டு. எனினும் ஒரு வேற்றுமையை மறவாதிருக்க வேண்டும். ஆங்கிலத் தொடரில் குற்றச்சாட்டு கட்டாயம் இல்லை. சுவையாகக் கதை சொன்ன முதியவரையும் அவ்வாறு கூறலாம். தமிழில் ஒருவரிடம் ‘நீங்கள் கயிறு திரிக்கிறீர்கள்’ என்றால் பகைமைதான் மிஞ்சும்.

துணியும் பொய்யும் சேர்ந்த தொடர் இன்னொன்றும் உள்ளது. முழுக்க முழுக்கப் புனைந்துரைத்ததை ‘மேட் அவுட் ஆஃப் ஹோல் கிளாத்’ என்பர். வெட்டாத முழுத்துணியிலிருந்து தைத்தது என்பதே சொற்பொருள். இங்கிலாந்தில் அது முதலில் தரமான தையலைக் குறித்தது. 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலோ முழுப்பொய் என்னும் பொருளை அடைந்தது. பழைய கம்பளிக் கந்தலைப் பிரித்து மீண்டும் நூற்ற துணியின் பெயர் ‘ஷாடி’. யார்க்ஷயர் பகுதியில் பேட்லி என்னும் ஊரில் 1813 ஆம் ஆண்டையொட்டி அத்தொழில் தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அத்துணியில் தைத்த படைவீரர் உடைகள் விரைவில் நைந்து கிழிந்தன. அன்று முதல் மட்டமான வேலை எதுவாயினும் ‘ஷாடி’ என்னும் வசைக்கு ஆளாயிற்று.

‘ஹேங் பை எ த்ரெட்’ என்னும் தொடர் தறியிலிருந்து வந்ததன்று. அரசனின் வாழ்வே பேரின்பம் என்று புகழ்ந்த டெமாக்ளீஸ் என்பவனை, சிராக்கியூஸ் நகரத்து அரசன் டயனீசியஸ் விருந்தில் அமர்த்தினான். அவன் தலைக்கு மேல் குதிரை மயிர் ஒன்றில் வாளைத் தொங்கவிட்டான். சிசரோ சொல்லும் கதை இது. ‘தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது’ என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவது இக்கதையின் எதிரொலியே. கத்தியும் மயிரும் எங்கும் உள்ளவை ஆதலின் இத்தொடர் எளிதில் தமிழாயிற்று. ‘மயிரிழையில் தப்பினான்’, ‘நூலிழையில் தப்பினான்’ என்பன அதற்கு அருகில் வந்து நிற்கின்றன.

இங்கே அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் நாள்தோறும் சந்திக்கும் ஒரு தொடரைச் சொல்லாமல் விட இயலாது. ‘ரெட் டேப்’ என்பதே அது. இங்கிலாந்தில் சட்டப் பத்திரங்களையும் அரசாங்கக் கட்டுகளையும் சிவப்பு நாடாவினால் கட்டிவைப்பது வழக்கம். நாடாவை அவிழ்ப்பதிலும் கட்டுவதிலுமே காலம் கழிகிறது என்று மக்கள் சலித்துக்கொண்டனர். 19 ஆம் நூற்றாண்டில் டிக்கன்ஸ், கார்லைல் போன்ற எழுத்தாளர்கள் அச்சலிப்பைத் தம் எழுத்தில் ஏற்றினர். தமிழில் இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் ‘சிவப்பு நாடா முறை’ என்றார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பெரும்பாலும் தோல்வியில் முடியும். இது மட்டும் ஏன் வெற்றி பெற்றது? தாலுகா அலுவலகத்துக்கு மனுவோடு சென்ற ஒவ்வொரு தமிழ்க் குடியானவனும் கட்டுகளைச் சுற்றியிருந்த நாடாவைத் தன் கண்ணால் கண்டிருந்தான். அது அவிழக் காத்திருந்த நாள்களையும் எண்ணியிருந்தான். ஆங்கில ஆட்சி சொல்லோடு பொருளையும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஆகவே தொடர் தங்கிவிட்டது.

தறியில் இங்கும் அங்கும் ஓடி ஊடையைச் செலுத்தும் கருவியை ஆங்கிலத்தில் ‘ஷட்டில்’ என்பர். தமிழ் நெசவாளர் நாடா என்பர். ஓடம் என்றும் பெயருண்டு. மலையாளத்திலும் ஓடமே. படகின் வடிவம் அதற்கு இருப்பதால் அப்பெயர். பிரெஞ்சு மொழியாரும் ஜெர்மானியரும்கூட அதைச் ‘சிறு கப்பல்’ என்னும் பொருளுள்ள சொற்களாலேயே குறித்தனர். கையால் எறிந்து பிடித்த அக்கருவியை, கயிற்றை இழுத்தால் தானே பறக்கும்படி ஜான் கே என்பவர் இங்கிலாந்தில் 1733 ஆம் ஆண்டில் திருத்தியமைத்தார். பாலராமபுரத்திலோ கையால் எறியும் ஓடத்தோடு குழித்தறியில் நெய்யும் பழைய முறை போற்றிக் காக்கப்பட்டது. அவ்வூர்த் துணியின் நேர்த்திக்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு நிலையங்களுக்கிடையே சென்று மீளும் ‘ஷட்டில்’ வண்டியில் நேயர்களுள் பலர் பயணம் செய்திருப்பீர்கள். 1981 ஆம் ஆண்டில் முதன்முதலாக விண்ணுக்குச் சென்று மீண்ட அமெரிக்க ஓடத்துக்கும் அதே பெயர். நெசவாளரின் கைக்கருவி இருப்புப்பாதையிலும் வான்வெளியிலும் ஓடிக்கொண்டிருந்தது எனலாம்.

நெசவுச் சொற்கள் இவ்வளவு தூரம் சென்றதில் வியப்பில்லை. தமிழில் ‘நூல்’ என்னும் சொல்லே இழையையும் குறிக்கும்; ஏட்டையும் குறிக்கும். 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதனை விரித்துரைக்கிறார். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவர் உருவகிக்கிறார். ஆங்கிலத்தில் ஏட்டின் வாசகத்தைக் குறிக்கும் ‘டெக்ஸ்ட்’ என்னும் சொல், நெய்தல் எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழும் லத்தீனும் எழுத்தை நெசவாகவே கண்டன.

இன்னோர் ஒற்றுமை நெஞ்சைத் தொடுவது. திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் ‘ஸ்பின்ஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல், முதலில் நூல் நூற்பவள் என்றே பொருள்பட்டது. துணைவனில்லாத பெண்ணுக்கு நூற்பே பிழைப்பாக இருந்த காலத்தின் நினைவு அது. நற்றிணையில் கபிலர், ஆண் துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை, மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறார். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலும் பல நூற்றாண்டு இடைவெளியிலும் தனித்து நின்ற பெண்ணின் கையில் இருந்தது இராட்டினமோ கதிரோ தான்.

ஆயினும் ஒலியொற்றுமையைக் கண்டு ஏமாறவும் கூடாது. ‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவிபாடும்’ என்பது பழமொழி. தறி என்றதும் நெசவுத் தறியை நினைத்துக் கதை கட்டுவோர் உளர். அங்கே தறி என்பது மாட்டைக் கட்டும் முளை. ‘தறிகெட்டு அலைகிறான்’ என்பதிலும் அவ்வாறே. கட்டிய முளையிலிருந்து விடுபட்ட விலங்கின் அலைச்சலே அங்கு உவமை. பேசுவோர்க்கே தம் தொடரின் பிறப்பிடம் மறந்துபோகும்போது பிழையான விளக்கங்கள் முளைக்கும். ஆங்கிலேயர்க்கும் இதே நிலைதான். துணி உலர்த்திய சட்டங்கள் மறைந்து நெடுங்காலமாகிவிட்டபடியால், இன்று அவர்களுள் பலர் ‘டென்டர்ஹுக்ஸ்’ என்பதை ‘டெண்டர்’ என்னும் மென்மைப் பொருள் தரும் சொல்லாகக் கருதிப் பிழையாக எழுதுகின்றனர். தொழில் மறைந்தபின் தொடர் சில காலம் உயிர்வாழும். பின்னர் அதன் உருவமும் சிதையத் தொடங்கும்.

ஆங்கிலம் கற்ற நாம் மட்டும் இந்த இடர்ப்பாட்டை அனுபவிக்கவில்லை. தமிழ் கற்க வந்த ஐரோப்பியரும் அனுபவித்தனர். யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய பீட்டர் பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842 ஆம் ஆண்டில் ஆங்கில விளக்கத்தோடு வெளியிட்டார். 1874 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் 1897 ஆம் ஆண்டில் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்து வெளியிட்டார். ‘நூலைப் போல் சேலை, தாயைப் போல் பிள்ளை’ என்பதை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வது? தகப்பனை ஒத்த மகனை ஆங்கிலத்தில் ‘எ சிப் ஆஃப் தி ஓல்டு பிளாக்’ என்பர். பழைய மரக்கட்டையிலிருந்து தெறித்த சிராய் என்பது பொருள். அவர்களுக்குத் தச்சன் பட்டறை; நமக்கு நெசவாளன் தறி. ‘கோல்ஸ் டு நியூகாசில்’ என்று, நிலக்கரி விளையும் ஊருக்கே கரி சுமப்பதை அவர்கள் நகைத்தார்கள். ‘கொல்லன் தெருவில் ஊசி விற்றாற்போல’ என்று நாம் நகைத்தோம். தொழிலுக்கு ஒரு தெரு என்று வாழ்ந்த சமுதாயம், தன் நகைச்சுவைக்கும் தெருவையே நாடியது.

அத்தகைய தெருக்கள் இன்றும் உள்ள பாலராமபுரத்துக்கு மீள்வோம். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் மொழி அடிப்படையில் திருத்தப்பட்டன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு வரையப்பட்டது. ஆயினும் பாவு, ஊடு, இழை, தறி, ஓடம் என்னும் சொற்கள் அக்கோட்டின் இருபுறமும் விளங்குவன. மலையாளத்தில் உறவின் நெருக்கத்தை ‘இழையடுப்பம்’ என்பர். இழைகள் நெருங்கி அமைந்த நிலை என்பது பொருள். அச்சொல்லைத் தமிழர் எவரும் அகராதி இன்றியே உணர்வர். ‘மூக்கத்து விரல் வைத்தல்’ என்று அவர்கள் சொன்னால், ‘மூக்கில் விரல் வைத்தல்’ என்று நாம் வியக்கிறோம். எல்லை வகுக்கும் ஆணையத்தால் தாலுகாக்களைப் பிரிக்க முடிந்தது. தொழில் தந்த சொற்களைப் பிரிக்க முடியவில்லை.

இதனால் நேயர்களுக்கு விளையும் பயன் யாது? தில்லியின் கரோல் பாக்கிலும் மும்பையின் மாட்டுங்காவிலும் வளரும் தமிழ்க் குழந்தை, வீட்டில் தமிழ்ச் சொற்களை அறிந்தே வளர்கிறது. ‘நூல்’ என்றால் தெரியும். ‘பஞ்சு’ என்றால் தெரியும். ஆனால் பாட்டி ‘பஞ்சு படாத பாடு பட்டேன்’ என்றாலோ, மாமா ‘நொந்து நூலாகிவிட்டேன்’ என்றாலோ அக்குழந்தை விழிக்கும். கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, திரித்து முறுக்கப்படும் பஞ்சை அது கண்டதில்லை. குடிபெயர்ந்தோர் குடும்பத்தில் முதலில் நழுவுவது மரபுத்தொடரே. சொற்கள் நின்று, அவற்றைக் கட்டிய இழை அறுந்துபோகிறது. அதே குழந்தை பள்ளியில் ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாக நெட்டுருச் செய்கிறது. இரு மொழியிலும் சொல் உண்டு. இரு மொழியிலும் வேலை தெரியாது. இந்நிலை நீடித்தால் ஆங்கிலமும் ஆழமாக வராது; தமிழும் தங்காது.

இதற்கு மாற்று எளியதே. மரபுத்தொடரைக் கற்பிக்கும்போது அதன் பொருளை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அது பிறந்த வேலையையும் சொல்ல வேண்டும். ‘டைட் இன் தி வூல்’ என்பதைக் குழந்தை படிக்கும்போது, சாயம் வெளுத்த கதையையும் பெற்றோர் சொல்லலாம். ‘ஸ்பின் எ யார்ன்’ வரும்போது கயிறு திரிப்பதைச் சொல்லலாம். கோடை விடுமுறையில் ஊர் திரும்பும் குடும்பங்கள் காஞ்சிபுரத்திலோ, சின்னாளப்பட்டியிலோ, பாலராமபுரத்திலோ ஒரு தறியின் முன் குழந்தையை அரை நாழிகை நிறுத்தினால், நூறு தொடர்களுக்குத் திறவுகோல் கிடைத்துவிடும்.

கைத்தறியில் அமரும் இளைஞர் தொகை நாடெங்கும் குறைந்துவருவதை அனைவரும் அறிவர். விசைத்தறித் துணி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் குழித்தறி நெசவாளருக்குக் கிடைக்கும் கூலி சிறிது. தறி ஓய்ந்தால் துணிக்கு வேறு வழி பிறக்கலாம். தொடர்களுக்கு வேறு வழி இல்லை. ‘டென்டர்’ சட்டத்தை இழந்த ஆங்கிலம் தன் சொல்லையே பிழையாக எழுதத் தொடங்கியதைப் பார்த்தோம். ஆங்கிலத்தில் பரம்பரைப் பொருளைக் குறிக்கும் ‘ஏர்லூம்’ என்னும் சொல்லில் ‘லூம்’ என்ற பகுதி இருக்கிறது. இன்று தறியைக் குறிக்கும் அச்சொல் பழங்காலத்தில் கருவி என்ற பொதுப்பொருளில் வழங்கியது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் கருவியே ‘ஏர்லூம்’. இரு நூற்றாண்டுகளுக்கு முன் வள்ளியூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்கள் தம்மோடு எடுத்துச் சென்றவை கைத்தொழிலும் அத்தொழிலின் சொற்களுமே. வேற்றூரில் அவை இரண்டையும் அவர்கள் சேர்த்தே காத்தனர். பிற மாநிலங்களில் வாழும் நாமும் நம் பிள்ளைகளிடம் அவை இரண்டையும் சேர்த்தே ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.